கேள்விகளோடு நடந்த விசுவாசம்

(நூற்றாண்டு நன்றி ஆராதனையில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



1996 இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பின் சார்பில் இந்த ஆராதனையில் பேசும் வாய்ப்பைத் தந்த சங்கத்தினருக்கு முதலில் எங்கள் நன்றி. எங்கள் வகுப்பினர் இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கிறோம். சிலர் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குச் செல்கிறோம். சிலர் கோயிலுக்குச் செல்கிறோம். சிலர் இரண்டுக்கும் செல்வதை நிறுத்திவிட்டோம். நூற்றாண்டு நாளில் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது, நிறுத்திவிட்ட அந்தச் சகோதரிகளை வெளியே நிறுத்திவிட்டுப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே சந்தேகத்தைப் பற்றியும், சந்தேகத்தின் ஊடாக வரும் விசுவாசத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

எங்கள் தலைமுறைக்குச் சந்தேகம் புத்தகங்களில் இருந்து வரவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது எங்களுக்குப் பதினைந்து வயது. மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி நகர்ந்த அந்தக் கூட்டத்தில் செபமாலை சொன்னவர்களும் இருந்தார்கள். தேவாரம் சொன்னவர்களும் இருந்தார்கள். சங்கீதம் சொன்னவர்களும் இருந்தார்கள். 2004 டிசெம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடல் கரையேறி வந்தது. 2009 இல் வன்னியில் நடந்ததை இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஆராதனைக்கென்று வந்தவர்களே கொல்லப்பட்டார்கள். இவற்றையெல்லாம் கண்ட பிறகு, கடவுள் எங்கே இருந்தார் என்று ஒருத்தி கேட்டால் அவளை நம்பிக்கை கெட்டவள் என்று எப்படிச் சொல்வது?

மருத்துவத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கேள்வி நாள்தோறும் வருகிறது. இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையின் தாய் எங்களிடம் கேட்பது, எலும்பு மச்சையில் என்ன நடக்கிறது என்பதை அல்ல. அதை நாங்கள் படம் வரைந்தே விளங்கப்படுத்துவோம். "ஏன் என்ரை பிள்ளைக்கு?" என்றுதான் அவர் கேட்கிறார். அதற்கு மருத்துவபீடத்தில் பதில் கற்பிப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் யாராவது "எல்லாம் ஆண்டவருடைய சித்தம், பிள்ளை" என்று சொல்லும்போது அந்தத் தாயின் முகம் இன்னும் இருண்டுபோவதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இந்தக் கேள்வியோடு நமக்கு முன்னே நெடுந்தூரம் நடந்த ஒரு பெண்ணை இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர் இந்தியாவின் பண்டித ரமாபாய். நம்மைப் போன்ற பெண்கள் படிக்க வேண்டும், மருத்துவர்களாக வேண்டும் என்று குரல் கொடுத்தவர் என்பதால் ஒரு பெண்கள் பாடசாலையின் நூற்றாண்டில் அவரை நினைப்பது பொருத்தமே.

ரமாபாய் 1858 இல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி வேத விற்பன்னர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில் தம் மனைவிக்குக் கற்பித்தவர். அந்தத் தாய் ரமாபாய்க்குக் கற்பித்தார். குடும்பம் புண்ணியத் தலங்கள் தோறும் நடந்து, புராணம் படித்து, கிடைத்ததில் வாழ்ந்தது. 1870களில் வந்த பஞ்சத்தில் கையிலிருந்த பொருள் எல்லாம் தீர்ந்தது. அவர்கள் விரதம் இருந்தார்கள், தீர்த்தமாடினார்கள், தானம் செய்தார்கள். செய்ய வேண்டியது எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் சில மாதங்களுக்குள் தந்தை, தாய், மூத்த சகோதரி மூவரும் இறந்தார்கள். தாயின் பாடையைத் தூக்க ஆள் போதாமல் பிள்ளைகளே தோள் கொடுத்தார்கள். உயரம் குறைந்த ரமாபாய் பாடைக் கம்பைத் தலையில் வைத்துச் சுமந்தார்.

அதன் பிறகு அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே நாடெங்கும் அலைந்து 1878 இல் கல்கத்தாவை அடைந்தார்கள். அங்குள்ள அறிஞர்கள் அவரது புலமையைப் பார்த்து வியந்து பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். அந்தப் புகழின் நடுவிலேயே அவருடைய உள்ளம் வெறுமையாகிக்கொண்டிருந்தது. கற்ற சாஸ்திரங்களை மீண்டும் ஆராய்ந்தபோது, பெண்ணுக்கு அவற்றில் இடமில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1880 இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் சாதி கடந்து மணம் புரிந்தார். 1882 இல் கணவரும் வாந்திபேதியால் இறக்க, 24 வயது நிரம்புமுன் கைக்குழந்தையோடு விதவையானார்.

இந்த இடத்தில் நம் சைவச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ரமாபாயின் ஏமாற்றத்தைச் சொல்வது எந்தச் சமயத்தையும் குறை கூறுவதற்காக அல்ல. பிறகு அவர் கிறிஸ்தவரானபோதும் திருச்சபையிடம் அதே கேள்விகளைக் கேட்டார் என்பதை இதோ பார்க்கப்போகிறோம்.

1882 இல் ஹண்டர் கல்வி ஆணைக்குழு முன்னிலையில் அவர் சாட்சியம் அளித்தார். இந்தியப் பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் தேவை என்று வாதாடினார். 1883 இல் தாமே மருத்துவம் கற்கும் எண்ணத்தோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஆனால் அவருடைய காது மெல்ல மெல்லக் கேளாமற் போய்க்கொண்டிருந்தது. மருத்துவக் கல்விக்கு அது தடையாயிற்று. இன்று கழுத்தில் ஸ்ரெதஸ்கோப்போடு நிற்கும் நமக்கு இந்தச் செய்தியை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. மற்றவர்களுக்காகக் கேட்டதைத் தமக்கென்று அவர் பெறவில்லை.

அங்கே அவரைத் தொட்டது எது? வொன்ரேஜ் என்னும் ஊரின் அங்கிலிக்கன் கன்னியர் மடத்தினர் அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். இலண்டனில் புல்ஹாம் பகுதியில் அவர்கள் நடத்திய இல்லத்தில், ஊரால் கெட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பெண்களை அந்தச் சகோதரிகள் அன்போடு பராமரிப்பதை ரமாபாய் கண்டார். இப்படிப்பட்ட பெண்களுக்கு இரக்கம் காட்டுவார் உண்டு என்று அவர் அதுவரை கண்டதில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு சகோதரி, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய வரலாற்றை அவருக்கு வாசித்துக் காட்டினார். முதலில் செயலைக் கண்டார்; அதன் காரணத்தைக் கேட்டார்; அதன் பிறகே வேதவசனம் வந்தது. அந்த ஆண்டு செப்ரெம்பர் 29 ஆம் திகதி மகள் மனோரமாவுடன் ஞானஸ்நானம் பெற்றார்.

அதோடு கதை முடியவில்லை. செல்ரன்ஹாம் மகளிர் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்துக்கொண்டே அவர் திரித்துவத்தைப் பற்றியும் திருச்சபையின் அதிகாரத்தைப் பற்றியும் கேள்வி மேல் கேள்வி கேட்டார். மனச்சாட்சி ஏற்காத எதையும் பிறர் சொன்னார்கள் என்பதற்காக ஏற்கமாட்டேன் என்று நின்றார். மடத்தில் அவருக்கு ஞானத்தாயாக இருந்தவருக்கே அது வருத்தமாயிற்று. கல்லூரியின் அதிபர் டொறத்தியா பீல் அம்மையாரோ கடிதம் எழுதி, பதில் எழுதி, பொறுமையாக அவரோடு விவாதித்தார். ஒரு பாடசாலை அதிபர் இப்படியும் இருக்கலாம் என்பதை இந்தச் சபையில் சொல்வதில் எங்களுக்கு மகிழ்ச்சி. எங்கள் வேதபாட வகுப்பிலும் கேள்விக்குக் கோபப்படாத ரீச்சர்மார் இருந்தார்கள். அவர்களில் சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள்.

ஞானஸ்நானத்துக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகளின் பின்னர்தான், தாம் கிறிஸ்தவ சமயத்தைக் கண்டுகொண்டாரே தவிர கிறிஸ்துவைக் கண்டுகொள்ளவில்லை என்று அவர் உணர்ந்தார். தகுதி தேடி அலைந்த மனம், தன்னை இருந்தபடியே ஏற்றுக்கொள்ளும் ஒருவரிடம் அப்போதுதான் இளைப்பாறியது. பிள்ளைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் பெற்று, பாடகர் குழுவில் பாடி வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தச் சாட்சி உறைக்க வேண்டும். சமயத்துக்குள் இருந்துகொண்டே வெறுமையாக இருக்க முடியும். அந்த வெறுமையை ஒளித்துவைக்கத் தேவையில்லை என்றும் அவர் வாழ்வு சொல்கிறது.

பின்பு என்ன செய்தார்? 1889 இல் பம்பாயில் இளம் விதவைகளுக்காகச் சாரதா சதன் என்னும் கல்வி இல்லத்தைத் தொடங்கியிருந்தார். 1896 ஆம் ஆண்டின் பஞ்சத்தின்போது மத்திய மாகாணங்களுக்குச் சென்று, பட்டினியால் வாடிய நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளை அழைத்துவந்தார். அவர்களுக்காகப் பூனாவுக்கு அருகே கேட்காவில் உருவானதே முக்தி இல்லம். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உணவும் கல்வியும் கைத்தொழிலும் பெற்றார்கள். எபிரேயமும் கிரேக்கமும் கற்று வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். முக்தியின் பெண்களே அதை அச்சுக்கோர்த்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தம் பெற்றோரை ஏன் பஞ்சம் கொண்டுபோயிற்று என்ற கேள்விக்கு ரமாபாய்க்கு விளக்கம் கிடைக்கவில்லை. அடுத்த பஞ்சம் வந்தபோது பட்டினி கிடந்த பிள்ளைகளிடம் போகும் பலம் கிடைத்தது. விசுவாசம் அவரை இழப்பிலிருந்து காப்பாற்றவும் இல்லை. தமக்குப் பின் பணியை ஏற்பார் என்று எதிர்பார்த்த ஒரே மகள் 1921 இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 5 ஆம் திகதி ரமாபாய் காலமானார். அதற்கிடையில் மொழிபெயர்ப்பு வேலையை முடித்திருந்தார்.

எங்களில் விசுவாசத்துக்குத் திரும்பி வந்தவர்களின் அனுபவமும் ஏறத்தாழ இதுவே. வாதத்தில் தோற்று யாரும் திரும்பி வரவில்லை. மரணப் படுக்கையில் இருந்த நோயாளிக்கு இரவு முழுவதும் வாய் நனைத்துக்கொண்டிருந்த ஒரு தாதி, இடம்பெயர்ந்த நாட்களில் தன் சமையலறையைப் பகிர்ந்துகொண்ட ஒரு குடும்பம், பிள்ளையை இழந்த தாயின் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் இருந்த ஒரு போதகர்: இவர்களைப் பார்த்து, இவர்கள் எங்கிருந்து இந்தப் பலத்தைப் பெறுகிறார்கள் என்று கேட்டோம். அந்தக் கேள்வி எங்களைச் சிலுவையின் அடிக்குக் கொண்டுவந்தது. துன்பத்துக்கு வெளியே நின்று விளக்கம் சொல்லும் கடவுளை அங்கே நாங்கள் காணவில்லை. துன்பத்துக்குள் இறங்கி, தாமும் ஏன் என்று கேட்ட ஆண்டவரைக் கண்டோம். அந்தத் தாயின் கட்டிலருகே இன்று எங்களால் நிற்க முடிவது அதனால்தான். பதில் இல்லாமல் நிற்கிறோம்; ஆனால் தனியாக நிற்கவில்லை.

ஆகவே இந்த நூற்றாண்டில் நம் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, இந்தப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகள் கடவுளைப் பற்றிப் பயமின்றிக் கேள்வி கேட்க இடம் இருக்கட்டும். கேட்கும் பிள்ளையை அடக்கினால் அவள் கேள்வியை விடமாட்டாள், நம்மைத்தான் விட்டுவிடுவாள். இரண்டாவது, நம் விசுவாசம் அவர்கள் கண்ணால் காணத்தக்கதாக இருக்கட்டும். வன்னியிலிருந்து விடுதிக்கு வரும் தந்தையில்லாத பிள்ளைக்கு நாம் கொடுக்கும் உதவிப்பணம், அவள் பெயரை அறிந்து எழுதும் ஒரு கடிதம், அவள் தாய்க்கு எடுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு ஆகியவை நாம் நடத்தும் எந்த ஆராதனைக்கும் குறைந்தவை அல்ல. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவள் ஒருநாள் கேட்பாள். அப்போது சொல்ல நம்மிடம் ஒரு வரலாறு இருக்கிறது.

இன்னும் நம்ப முடியாமல் தூரத்தில் இருக்கும் சகோதரிகளே, இந்த மலர் உங்கள் கைக்கு எந்த நாட்டில் வந்து சேர்ந்தாலும், உங்கள் இருக்கை இந்தச் சிற்றாலயத்தில் இருக்கிறது. கேள்விகளை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. அவற்றையும் கொண்டு வாருங்கள்.

நூறு ஆண்டுகள் நம் பாடசாலையை வழிநடத்திய ஆண்டவர் இனிமேலும் அதைக் காத்து நடத்துவாராக.