குருதியைக் கேட்குமுன்

(திருமுடிவாக்கத்தில் தமிழுணர்வாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொலைஞனைப் பிடிக்க அவன் உறவினர் ஒருவரின் எச்சிலே போதும் என்னும் காலம் வந்துவிட்டது. கலிபோர்னியாவில் முப்பதாண்டுகளுக்கு மேல் அகப்படாதிருந்த கொடியவன் ஒருவனைக் காவல்துறை 2018-இல் பிடித்தது. தம் முன்னோரை அறிய விரும்பிய பொதுமக்கள் தாமே பதிந்துவைத்த மரபணுத் தொகுப்போடு, குற்றக்களத்தில் கிடைத்த மரபணுவை ஒப்பிட்டனர். தொலைவுறவினர் சிலர் தெரிந்தனர்; அவர்தம் கால்வழியைத் துருவிச் சென்று அவனை அடைந்தனர். பிடிபட்டவனோ முன்னாள் காவலன்!

அவ்வாண்டு அந்நாட்டில் எடுத்த கருத்துக் கணிப்பில், கொலை போன்ற கொடுங்குற்றங்களுக்கு இம்முறையைப் பெரும்பாலோர் ஏற்றனர். வன்முறையற்ற குற்றங்களுக்கு ஏற்றோர் சிறுபான்மையரே. அந்த அளவறிவை நாமும் போற்றலாம். ஆனால், ஒருவர் இசைந்து தந்த எச்சிலால், இசையாத உறவினர் அனைவரும் ஐயத்திற்கு ஆளாகின்றனரே! அவர்க்காக இசைவு தந்தவர் யார்?

பிறப்பை வைத்து ஐயுறும் கொடுமையைத் தமிழ்மண் அறியும். ‘குற்றப் பரம்பரை’ என்று இழிபெயர் சூட்டி, குற்றமே செய்யாதாரையும் கைவரி (ரேகை) பதியச் சொன்னது ஆங்கில அரசு. எதிர்த்து நின்ற பிறமலைக் கள்ளரை 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் சுட்டு வீழ்த்தினர். மாயக்காள் என்னும் பெண்ணும் அன்று உயிரீந்தார். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் ஒழிந்தது.

நேற்றைய வேங்கைவயலையும் எண்ணுங்கள். 2022 திசம்பரில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. மரபணு ஆய்வுக்குக் குருதி கேட்டபோது, தீங்குற்ற தம்மையே ஐயுறுவதா என்று அம்மக்களுட் சிலர் மறுத்தனர். அது கால்வழித் தேடலன்று. ஆயினும், நம்பிக்கையில்லாத இடத்தில் அறிவியலும் அச்சமாகவே தோன்றும் என்பதை அது காட்டிற்று.

2022-ஆம் ஆண்டின் குற்றநடைமுறை அடையாளச் சட்டம் உயிரியற் கூறுகளை எடுக்க இடந்தருகிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் சொல்கிறது. மரபணுவுக்கெனக் கொணர்ந்த தனிச் சட்டமுன்வரைவோ 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. எடுக்க வழியுண்டு, காக்கத் தனி வேலியில்லை.

நாம் அறிவியலுக்குப் பகைவர் அல்லோம். கொலைஞர்க்குப் புகலிடம் தேடுவோரும் அல்லோம். கொடுங்குற்றத்திற்கு மட்டுமே இம்முறை வேண்டும். முறைமன்றத்தின் இசைவு வேண்டும். ஐயம் நீங்கியோர் பதிவு அழிக்கப்படல் வேண்டும். இம்மூன்றையும் சட்டமாக்கிய பின்னர் எம் குருதியைக் கேளுங்கள்!

குற்றம் செய்தவன் கை. அவன் குடி அன்று. இதனை மறவாதீர்! வாழ்க தமிழ்!