நோன்பும் நீரிழிவும்: சில மயக்கங்கள்



பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் சமணச் சான்றோர் இயற்றியவை. இரண்டும் மருந்தின் பெயரைத் தாங்கியவை. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔடதத்தையும் ஒன்றாக வைத்தது சமணம். இம்மரபில் வந்த இல்லங்களிலேயே மருந்து உண்பதைத் தவத்திற்குக் குறை எனக் கருதுவோர் சிலர் இன்றும் உளர் என்பது வியப்பிற்குரியது. நீரிழிவு என்னும் ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனைச் சூழ்ந்துள்ள மயக்கங்களுள் சமண இல்லங்களுக்கு உரியவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

உண்ட உணவு குளுக்கோசாகிக் குருதியில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனை உடலின் அணுக்களுக்குள் செலுத்துகிறது. இன்சுலின் குறைந்தாலும், இருந்தும் அது செவ்வனே தொழிற்படாவிட்டாலும், சர்க்கரை குருதியிலேயே தேங்குகிறது. வெறும் வயிற்றில் எடுத்த 100 மில்லி லிட்டர் குருதியில் சர்க்கரை 126 மில்லி கிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுமுறை ஆய்ந்தும் அவ்வாறே இருப்பின் அது நீரிழிவு.

இனிப்பை விலக்கினால் போதும் என்பது பரவலான எண்ணம். சோறும் மாவுப்பொருளே, அதுவும் சர்க்கரையாகவே முடிகிறது. கிழங்கு விலக்கிய இலையில் சோற்றை மலையெனக் குவித்துக்கொண்டு, உருளைக்கிழங்கு உண்ணாத தமக்கு நோய் வந்தது எங்ஙனம் என வினவும் அன்பர்கள் பலர். வெல்லமும் பனங்கற்கண்டும் வெள்ளைச் சர்க்கரைக்கு உடன்பிறந்தவை, நிறம்தான் வேறு.

இனி நோன்பிற்கு வருவோம். அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உபவாசம் இருக்கும் முதியவர் ஒருவர், வழக்கம்போல் காலையில் நீரிழிவு மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு ஆலயம் செல்கிறார் என்று கொள்வோம். நண்பகலுக்குள் உடல் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சுக் குழறுகிறது. நோன்பின் அயர்வு என்று வீட்டார் அவரைப் படுக்க வைக்கின்றனர். அது அயர்வு அன்று; தாழ்சர்க்கரை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், உணவு வந்ததா என்று பாராமலே கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். ஊசியாக ஏற்றிய இன்சுலினும் உணவுக்காகக் காத்திராது. சர்க்கரை 70 மில்லி கிராமிற்குக் கீழே இறங்கும்போது மூளை தடுமாறுகிறது; மேலும் இறங்கினால் நினைவு தப்பும்; உயிரும் போகக்கூடும். நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

அங்ஙனமாயின் மாத்திரையை நிறுத்திவிட்டு நோற்கலாமா எனின், அதுவும் தாமே முடிவு செய்யத்தக்கது அன்று. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரை உண்போர் நீரும் அருந்தாது நெடுநேரம் இருப்பின், உடல் வறண்டு குருதியில் அமிலம் மிகும் இடர் உண்டு. முதல் வகை நீரிழிவு உடைய குழந்தைகளுக்கோ இன்சுலினை ஒருநாளும் நிறுத்துதல் ஆகாது. நோன்பிற்குச் சில நாள்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு அளவையும் வேளையையும் கேட்டறிதல் வேண்டும். கதிரவன் மறையுமுன் உண்டு மறுநாள் காலை வரை உண்ணாதிருப்போரின் வழக்கத்தை மருத்துவர் அறியார். இரவு எட்டு மணி உணவை எண்ணியே அவர் மருந்து எழுதுவார். அதனை அவரிடம் எடுத்துரைத்தல் நோயாளியின் கடமை.

உடல் இடங்கொடாதார்க்குத் தவமே இல்லையோ என்று வருந்துவோர் உண்டு. தீர்த்தங்கர நாமகருமத்திற்கு ஏதுவான பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவமும் ஒன்று. ஆற்றலை மீறிய தவத்தை நூல்கள் அதில் சேர்க்கவில்லை. புறத்தவங்கள் ஆறனுள் அனசனத்தை அடுத்தே வயிறு நிரம்ப உண்ணாமையாகிய அவமோதரியம் வருகிறது. சுவைகளைத் துறக்கும் ரசபரித்தியாகமும் உண்டு. நெய்யையும் இனிப்பையும் உப்பையும் துறப்பது நீரிழிவாளர்க்குத் தவமும் ஆகும், மருந்தும் ஆகும்.

இன்சுலின் உயிர்க்கொலையால் வருவது என்ற அச்சம் இவ்வில்லங்களுக்கே உரியது. அதற்கு வரலாற்றில் அடிப்படை உண்டு. 1921இல் டொராண்டோவில் பேண்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் அதனை முதன்முதலாகப் பெற்றவன் 14 வயதுச் சிறுவன். அச்சாறு மாட்டின் கணையத்திலிருந்து வந்தது. பின்னர்ப் பல்லாண்டுகள் மாடும் பன்றியுமே மூலங்களாயின. அக்காலத்தில் தயங்கிய பெரியோரின் தயக்கம் நேர்மையானதே. ஆனால் 1982 முதல், மனித இன்சுலினுக்குரிய மரபணுவை நுண்ணுயிரிகளில் புகுத்தி உருவாக்கும் இன்சுலின் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் அவ்வகையே. நுண்ணுயிரும் உயிரன்றோ என நுட்பமாக வினவுவோர், அவ்வினாவைத் தயிர்க்கலயத்தின் முன்னும் எழுப்புதல் வேண்டும்! ஐயம் தீராதார் மருந்தின் மூலத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். மாத்திரைக் கூடுகள் பல விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை என்பது உண்மை. அதற்கு ஈடான வேறு வடிவம் உண்டா எனக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். கேளாமல் மருந்தை நிறுத்துவதே கேடு.

இன்சுலின் தொடங்கினால் அது நோயின் இறுதிக்கட்டம் என்பதும் பிழை. பேறுகாலத்திலும் அறுவை மருத்துவத்தின்போதும் சில காலம் மட்டும் ஏற்றுப் பின் நிறுத்துவதும் உண்டு.

கால் மரத்துப்போவதைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நீரிழிவால் நரம்பு நலிந்தும் அவ்வாறு ஆகும். பி12 உயிர்ச்சத்துக் குறைந்தும் ஆகும். அச்சத்துத் தாவர உணவில் இல்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உண்போர்க்கு அது மேலும் குறைதல் கூடும். ஆதலின் புலால் உண்ணாத நீரிழிவாளர் அதற்கெனக் குருதி ஆய்வு செய்துகொள்வது நன்று. குறை கண்டால் மாத்திரையாலோ ஊசியாலோ ஈடு செய்யலாம்.

மரத்த கால் சூட்டை உணராது. சித்திரை வெயிலில் ஆலயத்தின் கருங்கல் தளத்தை வெறுங்காலுடன் வலம் வருவோர், கொப்புளம் எழுந்ததையும் அறியாமல் வீடு திரும்புவர். ஆறாத அப்புண்ணால் காலையே இழந்தோரும் உளர். பொன்னூர் மலையேறுவோர் கல் சூடேறுமுன் விடியற்காலையிலேயே ஏறி இறங்குதல் வேண்டும். வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தின் கீழே ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கலாம். கண் மங்கிய முதியோர்க்கு அதனைப் பேரக்குழந்தைகளே பார்த்துச் சொல்வர்.