ஓடுறவங்களுக்கு வைட்டமின் மாத்திரை தேவையா?

நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "ரொம்ப தூரம் ஓடினா இம்யூனிட்டி குறையுமாமே, தினமும் வைட்டமின் சி, ஈ மாத்திரை போட்டுக்கலாமா?" என் முதல் மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்தப்போ நாலு மாசம் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி போட்டவன் நான். எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கலை. சளி பிடிச்சு ரேஸ் போயிடுமோங்கிற பயம்தான்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தான் ஓடினவங்கள்ல 12.9 சதவீதம் பேர், அடுத்த வாரமே சளி மாதிரி தொற்று வந்ததா சொன்னாங்க. அதே போல பயிற்சி எடுத்து, ரேஸ் மட்டும் ஓடாதவங்கள்ல அது 2.2 சதவீதம்தான். ஓடி முடிச்ச கொஞ்ச நேரத்துல ரத்தத்துல லிம்போசைட் எண்ணிக்கையும் இறங்குது. சரி, இம்யூனிட்டி படுத்துடுச்சுன்னு முடிவு கட்டினாங்க.

2018-ல இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்ப்பெல், டர்னர் ரெண்டு பேரும் இதை மறுத்தாங்க. அந்தச் செல்கள் அழிஞ்சு போகலை, ரத்தத்தை விட்டு நுரையீரல், குடல் பக்கம் காவலுக்குப் போயிருக்குன்னாங்க. ரேஸுக்கு அப்புறம் வர்ற சளிக்குக் கூட்டம், பயணம், தூக்கமின்மை எல்லாமே காரணமா இருக்கலாம். இந்த விவாதம் இன்னும் முடியலை.

இப்போ மாத்திரைக்கு வருவோம். விளம்பரங்கள்ல ஃப்ரீ ராடிக்கல்னா வில்லன், ஆன்டிஆக்ஸிடன்ட்னா ஹீரோ. ஆனா நம்ம உடம்புல இருக்கிற நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு, கிருமியை விழுங்கினதும் அதைக் கொல்ல ஃப்ரீ ராடிக்கலைத் தானே தயாரிக்குது. அதுக்கான என்சைம் பிறவியிலேயே சரியா வேலை செய்யாதவங்களுக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வரும். அதே நியூட்ரோஃபில் தனக்குள்ள வைட்டமின் சி-யையும் நிறைய சேர்த்து வெச்சிருக்கு. ரெண்டுமே தேவை, அளவோட.

தசையிலயும் அப்படித்தான். ஓடும்போது உருவாகிற ராடிக்கல்கள், "இன்னும் மைட்டோகாண்ட்ரியா கட்டு"ன்னு செல்லுக்குச் சொல்ற சிக்னல். 2014-ல வெளியான நார்வே ஆய்வுல, 11 வாரம் தினமும் 1000 மில்லிகிராம் சி-யும் 235 மில்லிகிராம் ஈ-யும் எடுத்தவங்களுக்குத் தசையில அந்த வளர்ச்சி மட்டுப்பட்டுச்சு. ஓட்டத் திறன்ல மட்டும் வித்தியாசம் தெரியலை. நம்ம ஆபீஸ் பாஷையில, அலர்ட்டை மியூட் பண்ணிட்டு சர்வர் நல்லா இருக்குன்னு நம்புற கதை.

ஹவாய் தீவுல, கோனா அயர்ன்மேன் ட்ரையத்லான் வீரர்களுக்கு ரெண்டு மாசம் தினமும் 800 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தாங்க. 2004-ல முடிவு வந்துச்சு: ரேஸுக்கு அப்புறம் ஆக்ஸிஜனேற்ற பாதிப்பும் அழற்சியைக் காட்டுற சைட்டோகைன்களும், ஈ எடுத்தவங்களுக்குத்தான் அதிகமா ஏறியிருந்துச்சு. காப்பாத்தும்னு கொடுத்தது நேர் எதிரா வேலை செஞ்சிருக்கு.

அப்போ மாத்திரையே வேஸ்ட்டா? அதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவுல சுமார் 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ரேஸுக்கு முன்னாடி மூணு வாரம் தினமும் 600 மில்லிகிராம் சி எடுத்தவங்கள்ல 33 சதவீதம் பேருக்குத்தான் ரேஸுக்கு அப்புறம் சளி அறிகுறி வந்துச்சு. டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல 68 சதவீதம். இதையும் சேர்த்து மொத்தம் 598 பேர் பங்கெடுத்த அஞ்சு ஆய்வுகளைக் காக்ரேன் குழு அலசினப்போ, கடுமையான உடல் உழைப்புல இருந்தவங்களுக்குச் சளி வாய்ப்பு பாதியா குறைஞ்சிருந்துச்சு. பொதுமக்களுக்கு அந்தப் பலன் கிடைக்கலை.

இதையெல்லாம் படிச்சப்புறம் நான் எடுத்த முடிவு: மாசக்கணக்கா பயிற்சி எடுக்கிற நாட்கள்ல மாத்திரை கிடையாது. ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். 100 கிராம் கொய்யாவுலயே 200 பக்கம் இருக்கு. பெரிய ரேஸுக்கு முந்தின ரெண்டு மூணு வாரம் மட்டும் எடுக்கணும்னா, அதுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கு. குறைபாடு இருக்கிறவங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க, என்னை இல்லை.

நாலு மாசம் மாத்திரை போட்டேனே, அந்த ரேஸ் முடிஞ்சு மூணாவது நாள் எனக்குச் சளி பிடிச்சுது. ஒருத்தன் கதை ஆதாரம் ஆகாது, தெரியும். ஆனா முந்தின ராத்திரி மூணு மணி நேரம்தான் தூங்கினேன். அதுக்கு எந்தக் கடையிலயும் மாத்திரை இல்லை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். நல்லா தூங்குங்க.