மழைக்கோட்டு வாங்குமுன்
(செமோர் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அக்டோபர், நவம்பர் மழை நமக்குப் புதிதல்ல. பெரட்டுக்கும் ஆபீசுக்கும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறோம். மலிவென்று நாம் வாங்குவதோ, தலைவழியே மாட்டும் போர்வை போன்ற கோட்டு. அதைத்தான் வேண்டாமென்கிறோம். காற்றில் பறக்கும் தொங்கல் பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் ஆளையே இழுத்துத் தள்ளிவிடும். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ உதவி உண்டு. ஆனால், அதைக் கேட்டு நிற்கும் நிலை நமக்கு எதற்கு?

சட்டையும் காற்சட்டையும் தனித்தனியாக உள்ளதை வாங்குங்கள். கடையிலேயே உட்புறம் திருப்பிப் பாருங்கள். தையலின்மேல் பட்டை ஒட்டியிருக்கவேண்டும்; இல்லையேல், துணி எவ்வளவு தடித்திருந்தாலும் ஊசி போன துவாரந்தோறும் நீர் புகும். காற்சட்டையை உட்கார்ந்து பார்த்தபின் காசு கொடுங்கள். நிற்கும்போது கணுக்காலை மூடுவது, உட்கார்ந்தால் மேலேறிவிடும்! ஓர் அளவு பெரிதே நல்லது.

கறுப்பு அழுக்குத் தாங்கும். விடியற்கால இருட்டில் லாரிக்காரர் கண்ணுக்குத்தான் தெரியாது. ஒளி திருப்பும் பட்டை வைத்த மஞ்சளே மேல்.

தனித்தனியே பேரம் பேசுவதைவிட, சேர்ந்து வாங்கினால் விலை குறைத்துக் கேட்கலாம். சம்பள நாளுக்குள் உங்கள் அளவைக் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.