கைக்கும் காலுக்கும் கண்ணே காவல்

(ராசா வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீடு என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று நாம் நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சங்கத்துக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே. முதலாளிக்கு நிலம் முதல். நமக்கு உடல் முதல். இரண்டு கையையும் இரண்டு காலையும் தவிர நாம் கொண்டுவந்த சொத்து வேறில்லை. அந்த முதல் சிறுகச் சிறுகக் கரையும்போது சங்கம் கைகட்டி நிற்கலாமா?

நோயில் இரண்டு வகை உண்டு. ஒன்று வந்து போவது; மற்றொன்று வந்து தங்குவது. காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கிக் குடித்து நாலாம் நாள் பிரட்டுக்குப் போய்விடலாம். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் பக்கவாதமும் அப்படிப்பட்டவை அல்ல. அவை நம்மோடு லயத்தில் குடியிருக்க வருபவை. அவற்றுக்கு மருந்து மட்டும் போதாது. நோயாளி மீண்டும் எழுந்து, நடந்து, உழைத்து, நாலு பேருக்கு நடுவில் தலைநிமிர்ந்து உட்காரும் வரைக்கும் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. அதற்கு மறுவாழ்வு என்று பெயர். இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்த இரண்டு இடங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. ஒன்று, இந்த ராசாவைத் தொட்டுப் போகும் இரயில் பாதையிலேயே தெற்கே இருக்கும் சுங்கை பூலோ. மற்றொன்று, நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த தமிழ்நாட்டில் உள்ள வேலூர்.

சுங்கை பூலோவுக்குப் பூச்செடி வாங்கப் போனவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். அந்த நாற்றுப் பண்ணைகள் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தொழுநோயாளர் குடியிருப்பு. 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைத்தார்கள். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் இருந்த பழைய முகாமின் அவலத்தைக் கண்டு மனம் வெதும்பியவர் டாக்டர் டிராவர்ஸ். சிறைபோல் இல்லாமல் ஊர்போல் ஓர் இடம் வேண்டும் என்று அவர் வாதாடினார். 1930ல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. வீடுகள், பள்ளிக்கூடம், கோயில், கடை, தோட்டம் எல்லாம் அங்கே இருந்தன. உச்ச காலத்தில் ஈராயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். ஆனால் அங்கே பிறந்த குழந்தையைத் தாயின் மடியில் வளரவிடவில்லை. பிரித்தெடுத்து வளர்த்தார்கள், பல குழந்தைகளைத் தத்துக் கொடுத்தார்கள். அந்தத் தாய்மார் வடித்த கண்ணீரை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

முன்னே அவர்களுக்குக் கிடைத்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் வகை ஊசிதான். வலி அதிகம், பலன் குறைவு. 1940களில் சல்போன் என்ற மருந்தினம் வந்தது. அதில் டாப்சோன் என்ற மாத்திரை மலிவானது. நோயை அடக்கக்கூடியது. ஆனால் சிலருக்கு அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கியது. இந்த மாதிரி நேரத்தில், நோயாளி மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்று பழி போடுவது எவருக்கும் எளிது. சுங்கை பூலோவின் ஆராய்ச்சிக் கூடம் பழியோடு நின்றுவிடவில்லை. டாக்டர் பெட்டிட் அங்கே நோயாளிகளைக் கண்காணித்து மருந்து கொடுத்துப் பார்த்தார். இலண்டனில் டாக்டர் ரீஸ் அந்தக் கிருமியை எலியின் பாதத்தில் வளர்த்துச் சோதித்தார். டாப்சோனையே எதிர்த்து நிற்கும் கிருமி உண்டு என்று 1964ல் இருவரும் உலகுக்கு நிரூபித்துக் காட்டினார்கள். ரிபாம்பிசின் என்ற வலிய மருந்து தொழுநோய்க் கிருமியை விரைவில் கொல்வதும் அங்கே நடந்த ஆராய்ச்சியில் தெரிந்து 1970ல் வெளிவந்தது. பின்னர் 1981ல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை வகுத்தது. அதன் பயனாக உலகெங்கும் கோடிக்கணக்கானோர் குணமடைந்தனர். அந்த வெற்றியில் சிலாங்கூர் மண்ணில் அடைபட்டுக் கிடந்த எளிய மனிதர்களின் உடலுக்கும் பங்கு உண்டு. இதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

சரி, கிருமி செத்தது. மனிதன் பிழைத்தானா? இந்தக் கேள்விக்கு விடை தேடியது வேலூர்.

கொல்லிமலையில் 1914ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வெள்ளைக்காரப் பாதிரியாரின் மகன். 1946ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் காக்ரேனைக் காணப் போனபோது, மடங்கிப்போன விரல்களையும் தேய்ந்துபோன பாதங்களையும் கண்டார். தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் உதிரும் என்பதே அன்றைய நம்பிக்கை. பிராண்ட் ஆராய்ந்து பார்த்தார். உண்மை வேறாக இருந்தது. கிருமி கெடுப்பது நரம்பை. நரம்பு கெட்டால் வலி தெரிவதில்லை. வலி தெரியாதவன் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கிறான்; ஆணி குத்திய காலோடு மைல் கணக்கில் நடக்கிறான்; தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் விழிப்பதில்லை. விரலைத் தின்றது நோய் அல்ல, தோழர்களே. நோகாத புண்ணே தின்றது.

வலியை நாம் சாபம் என்கிறோம். உண்மையில் அது உடலுக்கு வாய்த்த காவல்காரன். காவல்காரன் இல்லாத வீட்டில் திருடன் தினமும் வருவான்.

பிராண்ட் 1948 முதல் மடங்கிய கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். கெடாத தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைத்துத் தைத்தார். பிறகு பயிற்சி கொடுத்து விரலை நீட்டவும் மடக்கவும் பழக்கினார். கை திறந்தது. வாழ்வு திறந்ததா? குணமாகிப் போன ஒருவர் திரும்பி வந்து முறையிட்டதைப் பிராண்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நோய் பட்டவன் என்று வேலை தர ஆளில்லை. கை நேராகிவிட்டதால் பிச்சை போடவும் ஆளில்லை! இதைக் கேட்ட பிறகுதான், சிகிச்சையோடு தொழிலும் கற்றுத்தர வேண்டும் என்பது தெளிவாயிற்று. வேலூரில் நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பு எழுந்தது. அங்கே மரவேலை கற்றார்கள். உணர்ச்சியற்ற கையால் உளியையும் அரத்தையும் புண்படாமல் பிடிப்பது எப்படி என்பதையும் கற்றார்கள். பக்கத்தில் கரிகிரியில் ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்றும் அமைந்தது. அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954ல் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையையே கட்டி வளர்த்தார்.

பாதப் புண்ணைப் பற்றி அவர்கள் கண்டது நமக்கு மிகவும் முக்கியம். புண் ஏன் ஆறுவதில்லை? வலி தெரியாததால் மனிதன் அதன் மேலேயே மிதித்து நடக்கிறான். மிதிக்காமல் வைத்தால் ஆறுகிறது. அதனால் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தை அடிக்கால் முழுவதும் பரப்பினார்கள். ஆறிய பிறகு, நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செருப்புச் செய்து கொடுத்தார்கள். ஆம், ரப்பர்தான். பால்மரம் வெட்டுகிற நமக்கு இதில் பெருமை இருக்கிறது. உலகத்து மோட்டார் வண்டிகளைச் சுமக்கும் ரப்பர், ஓர் ஏழையின் காலையும் காத்து நின்றிருக்கிறது.

தொழுநோய்தான் அடங்கிவிட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். மலேசியாவில் 1994க்குள் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து கீழே இறங்கியது உண்மை. ஆனால் நம் லயங்களில் வேறொரு நோய் அதே வேலையைச் செய்கிறது. அதுதான் இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் 18 வயதைத் தாண்டியோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கொட்டகையில் உங்கள் வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், நடுவில் நீங்கள். யார் அந்த ஒருவர்?

இனிப்பு நீரும் நாளடைவில் பாதத்து நரம்பைக் கெடுக்கிறது. இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. விடியுமுன் இருட்டில் நிரைக்குள் நுழைகிறோம். பூட்ஸுக்குள் ஒரு கல் கிடந்தாலும், செம்பனை முள் ஏறினாலும் தெரிவதில்லை. மாலையில் காலுறையில் இரத்தக் கறை கண்டுதான் தெரிகிறது. அதற்குப் பிறகும் ஓய்வு எடுப்பதில்லை. ஏன்? வலிக்கவில்லை என்பது ஒரு காரணம். வெட்டாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது மற்றொரு காரணம். அப்படியானால் புண் ஆறாததற்குக் காரணம் இரத்தத்தில் மட்டும் இல்லை. சம்பளப் பட்டியலிலும் இருக்கிறது! ஓய்வுதான் மருந்து என்று மருத்துவம் சொல்கிறது. அந்த மருந்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதைச் சங்கம்தான் வாங்கித் தர வேண்டும். இன்று இந்த மேடைக்கு இந்தப் பேச்சை நாம் கொண்டுவந்ததன் காரணம் இதுவே.

வீட்டில் செய்யவேண்டியதை முதலில் சொல்கிறோம். உணர்ச்சி குறைந்த காலுக்குக் கண்ணே காவல். தினமும் மாலையில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அடிக்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். மனைவியோ பிள்ளையோ பார்க்கலாம். பூட்ஸ் போடுமுன் கையை விட்டுத் துழாவுங்கள். காலாணியைப் பிளேடாலோ பால்வெட்டும் கத்தியாலோ சீவாதீர்கள். மரத்துப்போன காலைக் கொதிநீரில் வைக்காதீர்கள். அரசாங்க கிளினிக்கில் பாதத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நைலான் இழையால் அடிக்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை; வலி இல்லை.

தோட்டத்தில் செய்யவேண்டியது அடுத்தது. பாதப் புண் உள்ளவருக்கு, ஆறும் வரை உட்கார்ந்து செய்யும் இலகுவான வேலை தரும்படி நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். அந்த நாள்களில் கூலி குறையக்கூடாது என்பது நம் கோரிக்கை. நோய் விடுப்பு நம் உரிமை: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஈராண்டுக்கு உட்பட்ட சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டுக்கு உட்பட்டால் 18 நாள், அதற்கு மேல் 22 நாள், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. ஆனால் பாதப் புண் ஆற வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். 22 நாளில் எந்தப் பெரிய புண் ஆறும்? இந்த இடைவெளியைக் கூட்டு ஒப்பந்தத்தில் நாம் பேசித் தீர்க்க வேண்டும்.

சொக்சோவை மறவாதீர்கள். 1971 முதல் இயங்கும் அந்த நிறுவனம் விபத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நாள்பட்ட நோயால் உழைக்கும் சக்தி இழந்தவருக்கும், தகுதியான சந்தா இருந்தால், அங்கே திட்டம் உண்டு. 2007 முதல் தொழிலாளியை மீண்டும் வேலைக்குத் திருப்பும் திட்டமும், 2014 முதல் மலாக்காவில் மறுவாழ்வு மையமும் இருக்கின்றன. மனு எழுதத் தெரியவில்லை என்று ஒருவரும் சும்மா இருந்துவிட வேண்டாம். எழுதக் கிராணிமார் இருக்கிறோம். செக்ரோல் எங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரே பெயருக்கு நேரே மாதா மாதம் விடுப்பு விழுந்தால் அதை வெறும் குறியாக எண்ணிப் பக்கத்தைப் புரட்டக்கூடாது. அந்தக் குறிக்குப் பின்னால் ஒரு கால் இருக்கிறது. அந்தக் காலை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. போய் விசாரிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அன்று தொழுநோயாளியைக் கண்டு ஊர் ஒதுங்கியது. இன்று கால் எடுத்தவரைக் கண்டு, வாயைக் கட்டாததால் வந்த வினை என்று பேசுகிறோம். அப்படிப் பேசினால், புண் வந்தவர் அதை மறைப்பார். மறைத்த புண் காலைக் கொண்டுபோகும். கால் இழந்தவரும் நம் அங்கத்தினரே. கூட்டத்துக்கு அவரை அழைத்து வாருங்கள். முன் வரிசையில் நாற்காலி போடுங்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் விளக்கு வெளிச்சத்தில் தம் காலைப் பாருங்கள். பிறகு தாய் தகப்பன் காலைப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில், எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று கேட்போம். கையை உயர்த்த வேண்டும்.

ஒற்றுமை ஓங்குக!