ஜவ்வாது மலைக்கு வந்த கிழக்கு ஜெர்மனித் தொலைநோக்கி

(ஒடுகத்தூரில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் நம் அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளா ஒரு சண்டை ஓடுது. ஒருத்தர் ரஷ்யாவுக்கு மீம் போடறார். இன்னொருத்தர் அமெரிக்காவுக்குப் போடறார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் "நீ யார் பக்கம்?" என்ற கேள்விதான். இதுக்கு மாஸ்கோவையும் வாஷிங்டனையும் பார்க்க வேண்டாம் தோழர்களே. இந்தக் கூட்டம் முடிஞ்சு வெளியே போகும்போது ஜவ்வாது மலையைப் பாருங்க. பதில் அங்க இருக்கு.

இதே மலைத்தொடரில்தான் காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கு. அங்க ஒரு மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோட ஒரு தொலைநோக்கி, 1972-ல் நிறுவினது. செய்தது ஜெர்மனியின் யேனா நகரத்தில் இருந்த கார்ல் ஸைஸ் நிறுவனம்.

அந்த யேனாவோட கதையைக் கேளுங்க. இரண்டாம் உலகப்போர் முடியும்போது, 1945 ஏப்ரலில், முதலில் உள்ளே போனது அமெரிக்கப் படை. ஆனா ஒப்பந்தப்படி அந்தப் பகுதி சோவியத்துக்குப் போகணும். அமெரிக்கர்கள் கிளம்பும்போது ஸைஸ் ஆலையின் முக்கிய விஞ்ஞானிகள், நிர்வாகிகள் 80 பேருக்கு மேல் கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க. அடுத்து வந்த சோவியத், ஆலையில் இருந்த எந்திரங்களில் பெரும்பகுதியைக் கழற்றித் தன் நாட்டுக்கு எடுத்துட்டுப் போச்சு. ஒருத்தர் மூளையை எடுத்தார், இன்னொருத்தர் எந்திரத்தை எடுத்தார். கடைசியில் மேற்கில் ஒரு ஸைஸ், கிழக்கில் ஒரு ஸைஸ். பெயர் யாருக்குச் சொந்தம்னு பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு. 1971-ல் லண்டனில்தான் ஒரு சமரசம் வந்தது.

பனிப்போர்னா என்னன்னு பாடப்புத்தகத்தில் படிச்சிருப்போம். ஒரே ஆலையை ரெண்டாக் கிழிச்சதுதான் பனிப்போர். அதில் கிழக்குத் துண்டு செய்த கருவிதான் நம்ம மலை மேல இருக்கு.

அப்போ இந்தியா நிலைமை என்ன? கிழக்கு ஜெர்மனியை ஒரு நாடா அங்கீகரிச்சா உறவை முறிச்சுக்குவோம்னு மேற்கு ஜெர்மனி உலகத்தையே மிரட்டிக்கிட்டு இருந்த காலம் அது. அதே மேற்கு ஜெர்மனி உதவியோடதான் 1959-ல் சென்னை ஐஐடி ஆரம்பிச்சது. இந்தியா கிழக்கு ஜெர்மனியை முறையா அங்கீகரிச்சதே 1972 அக்டோபரில்தான். அதுக்கு முன்னாடியே தொலைநோக்கி வாங்க முடிவு பண்ணியாச்சு! இதை முன்னின்று செய்தவர் வைணு பாப்பு. சென்னையில் பிறந்தவர், அமெரிக்காவின் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கினவர். படிச்சது அமெரிக்காவில், கருவி வாங்கினது கம்யூனிஸ்ட் நாட்டில், வைத்தது ஜவ்வாது மலையில். அவரை யாராவது "நீ யார் பக்கம்?"னு கேட்டா என்ன சொல்லியிருப்பார்?

நெய்வேலியும் அப்படித்தான். நிலக்கரி வெட்டுற ராட்சத பக்கெட் வீல் எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. அந்தக் கரியை எரிச்சு 1962-ல் மின்சாரம் கொடுக்க ஆரம்பிச்ச முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் வந்தது. பெர்லினில் சுவர் எழுப்பி முகத்தைத் திருப்பிக்கிட்டவங்க, நெய்வேலியில் ஒரே வேலைக்கு ரெண்டு கை கொடுத்தாங்க. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முதலில் பிரிட்டிஷ் வடிவமைப்பில் விஜயந்தா, பிறகு சோவியத் டி-72. இதெல்லாம் நம்ம தமிழ்நாட்டு மண்ணில் நடந்தது.

இதில் ஆபத்தும் இருந்தது. அதையும் சொல்லணும். 1956-லிருந்து பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை வந்தது. 1965, 66-ல் மழை பொய்த்தது. இந்தியா வியட்நாம் குண்டுவீச்சைக் கண்டிச்சது. ஜனாதிபதி ஜான்சன் என்ன செய்தார்? கோதுமையை மொத்தமா அனுப்பாம, கொஞ்சம் கொஞ்சமா, கப்பல் கப்பலா அளந்து விட்டார். அடுத்த கப்பல் வருமான்னு ஒரு நாடே காத்துக்கிடந்தது. சாப்பாட்டுக்கு ஒருத்தரையே நம்பினா, வாயைத் திறக்கவும் அவர்கிட்ட அனுமதி கேட்கணும். அப்போ உணவு அமைச்சரா இருந்தவர் நம்ம சி.சுப்பிரமணியம். மெக்சிகோ விதையைக் கொண்டுவந்து பசுமைப் புரட்சிக்கு வழி போட்டது அந்தச் சூழலில்தான். அந்தப் புரட்சியில் நிறைகுறை உண்டு, அது தனி விவாதம். ஆனா அந்தக் கையேந்தல் நின்றது.

இப்போ மறுபடி காவலூருக்கு வாங்க. 1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகுது. அமெரிக்க நாசா, ஒரு ராணுவச் சரக்கு விமானத்தின் ரகத்தை ஆய்வு விமானமா மாத்தி, அதில் தொலைநோக்கி வைத்து இந்தியப் பெருங்கடல் மேல பறக்க விட்டது. அதே நேரம் நம்ம மலையில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் கிழக்கு ஜெர்மனித் தொலைநோக்கியில் பார்த்துக்கிட்டிருந்தாங்க. கோள் மறைக்கிறதுக்கு முன்னாடியே அந்த நட்சத்திர ஒளி மங்கினது ரெண்டு இடத்திலும் பதிவாச்சு. யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்படித்தான். அமெரிக்க விமானமும் கம்யூனிஸ்ட் கண்ணாடியும் சேர்ந்து ஒரே உண்மைக்குச் சாட்சி சொன்ன ராத்திரி அது.

இதோட விட்டிருந்தா நாம நல்ல வாடிக்கையாளர், அவ்வளவுதான். காவலூர் விடலை. 1968-ல் அங்க முதலில் வைத்ததே நம்ம நாட்டில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. வெளியிலிருந்து ஒரு மீட்டர் வாங்கினாங்க, பயன்படுத்தினாங்க, கத்துக்கிட்டாங்க. பிறகு 2.34 மீட்டர் தொலைநோக்கியை இங்கேயே வடிவமைச்சு, கண்ணாடியைப் பெங்களூரில் தேய்ச்சு மெருகேற்றி நிறுத்தினாங்க. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதைக் கனவு கண்ட பாப்பு 1982-லேயே மறைஞ்சுட்டார். அவர் பெயர்தான் அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும்.

தோழர்களே, இது பழங்கதை இல்லை. 2025 ஆகஸ்டில் இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குதுன்னு சொல்லி அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. மொத்தம் 50 சதவீதம். ரெண்டு வல்லரசு மோதினதில் முதல்ல பயந்தது யார்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல், காலணித் தொழிலை நம்பி இருக்கிற குடும்பங்கள். அமெரிக்க ஆர்டர் நின்னா அந்த வீட்டு அடுப்பு என்னாகும்? அந்த வாரத்திலும் நம்ம ஆட்கள் புதின் படமும் டிரம்ப் படமும் போட்டுச் சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க.

அதனால நம்ம அணிக்கு என் வேண்டுகோள் மூணு.

ஒன்று, எந்த வல்லரசுக்கும் ரசிகர் மன்றம் நடத்தாதீங்க. நடிகருக்கு நடத்தினாலாவது அவர் தேர்தலில் நிற்பார்!

இரண்டு, எந்த வெளிநாட்டு ஒப்பந்தச் செய்தி வந்தாலும் ரெண்டு கேள்வி போடுங்க. இதில் நம்ம பிள்ளைகள் கத்துக்கப் போற தொழில்நுட்பம் என்ன? நாளைக்கு அவங்க கோவிச்சுக்கிட்டா ஆம்பூர் தொழிலாளிக்கு மாற்று வழி என்ன? ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி யாரா இருந்தாலும் இதுக்குப் பதில் சொல்லட்டும்.

மூன்று, பொதுமக்களை அனுமதிக்கிற நாளில் பிள்ளைகளைக் காவலூருக்குக் கூட்டிட்டுப் போங்க. வாங்கின தொலைநோக்கியையும் நாம செய்த தொலைநோக்கியையும் ஒண்ணா வைத்துக் காட்டுங்க. எது முதலில் வந்தது, எது பிறகு வந்ததுன்னு அவங்களே கேட்பாங்க. பொறியியல் படிச்சிட்டு வேலை தேடுற என்னை மாதிரிப் பசங்க ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்க வேண்டிய வரிசை அது.



#காவலூர் #ஜவ்வாதுமலை #ஒடுகத்தூர் #தகவல்தொழில்நுட்பஅணி