முதலாண்டு இயற்பியலும் இணையமும்



அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021ஆம் ஆண்டில் பொறியியல் படிப்புக்கும் வந்தது. அவ்வழியே சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரிக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே சென்ற பிள்ளையின் நிலை என்ன? தமிழில் ‘வெளியேற்று ஆற்றல்’ என்று படித்துத் தேறியவன், அங்கே ‘ஒர்க் ஃபங்ஷன்’ என்று கேட்டதும் திகைக்கிறான். தெரிந்த ஆளே வேறு உடையில் வந்து நிற்பது அவனுக்குப் புலப்படுவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஆசிரியர் உண்டு. நம் பிள்ளைக்கு முதற்பருவத்திலேயே ‘அரியர்’ விழுகிறது. சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியும் விடுகின்றனர்.

அத்தகைய பிள்ளைக்கு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் துணைகளைச் சொல்லவே வந்தேன்.

ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது ‘என்பிடெல்’. பேராசிரியர்களின் பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்டினால் போதும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘ஹைப்பர்ஃபிசிக்ஸ்’ பெரும்பாலும் எழுத்தும் சிறு படங்களுமே. தேர்வுக்கு முன் ஒரு கருத்தை விரைவாகத் தெளிய ஏற்றது. ஃபெயின்மன் 1961 முதல் 1963 வரை நிகழ்த்திய புகழ்பெற்ற விரிவுரைகளையும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அவற்றை முதல் மாதத்திலேயே தொடவேண்டாம் என்பேன்.

எல்லாவற்றினும் நான் பெரிதாக மதிப்பது கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. அதில் ஒளிமின் விளைவைச் செய்து பாருங்கள். சோடியத் தகட்டின்மேல் 650 நானோமீட்டர் சிவப்பொளியைப் பாய்ச்சி, செறிவை எவ்வளவு கூட்டினாலும் ஓர் எலெக்ட்ரானும் எழாது. 400 நானோமீட்டர் ஊதா ஒளியை மங்கலாகக் காட்டினாலே எலெக்ட்ரான்கள் புறப்பட்டுவிடும். ஏன்? உடனே தாளை எடுங்கள். 1240ஐ அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். சிவப்புக்கு 1.9, ஊதாவுக்கு 3.1. சோடியத்தின் வெளியேற்று ஆற்றலோ ஏறத்தாழ 2.3. இவ்வளவுதான் செய்தி! ஆங்கிலச் சொல் இப்போது அச்சுறுத்தாது.

தேர்வுக்கு முதல்நாள் ‘முக்கிய வினாக்கள்’ என்று விடையைப் படித்துக் காட்டும் காணொளிகள் மலிந்துள்ளன. அவை தேர்ச்சி தரக்கூடும். அடுத்த பருவத்தில் குறைக்கடத்தி வரும்போது கைகொடுக்கா. எந்தப் பாடத்தையும் இருபது நிமிடம் பார்த்தால், நாற்பது நிமிடம் கணக்குப் போடவேண்டும் என்பது என் கணக்கு.

இன்னொன்று. நம் தெருவில் பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான். அதுவும் காலையில் தந்தையுடன் வேலைக்குப் போய்விடுகிறது. பெண்பிள்ளை கைக்கு அது வந்து சேர்வது அரிதினும் அரிது. ஆகவே சங்கத்தின் படிப்பகத்தில் இரண்டு கணினிகளும் இணைய இணைப்பும் வேண்டும். மாலை ஆறு முதல் எட்டு வரை மாணவியர்க்கென ஒதுக்கவேண்டும். இரண்டாமாண்டு படிக்கும் நம் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் வந்து முதலாண்டினரின் ஐயங்களைத் தீர்க்கவேண்டும். இதற்கான தீர்மானத்தைப் பொதுக்குழு இன்றே எடுக்குமாயின், வரும் கல்வியாண்டில் சேரும் பிள்ளைகளுக்கு அந்த அறை ஆயத்தமாக இருக்கும்.